டைகர் வூட்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிய பீஜிக்காரர்

கொழும்பில் கோல்ஃப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான்: "அது பெரிய இடத்து விளையாட்டு, நமக்கெதற்கு?" சொல்வதில் தப்பில்லை. பொரளையில் இருக்கும் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தை நம்மில் பெரும்பாலானோர் மதிலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறோம். இல்லாவிட்டால் களனிவெளிப் புகையிரதத்தின் ஜன்னலில் இருந்து. அந்தப் பாதை மைதானத்துக்கு நடுவாலேயே போகிறது. ரயில் வந்தால் ஆடுகிறவர்கள் மட்டையும் கையுமாக ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். 1879இல் காலிமுகத்திடலில் துரைமார் தங்களுக்கென்று தொடங்கி, பிறகு பொரளைக்குக் கொண்டுபோன கழகம் அது.

ஆனால் அந்த மதிலுக்குள்ளே இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். காசு கட்டி ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், காசுக்காக ஆடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. நம் நாட்டுத் தொழில்சார் கோல்ஃப் வீரர்களில் பலர் கெடிகளாக, அதாவது அங்கத்தவர்களின் பையைச் சுமக்கும் பையன்களாக, உள்ளே போனவர்கள். 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் அநுர ரோஹன தனிநபர் கோல்ஃபில் வெள்ளி வென்றார்; கிரிக்கெட் மோகத்தில் அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. இந்தியாவின் தொழில்சார் தொடரில் ஆடுகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் தங்கராஜா, பிரபாகரன் என்று நம் பெயர்களே கண்ணில் படும். அவர்கள் நடக்கிற பாதையில் மிக உயரத்துக்குப் போன மனிதர் விஜய் சிங். அவர் எப்படிப் போனார், போன பிறகும் ஏன் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

விஜய் சிங் 1963 பெப்ரவரி 22 அன்று பீஜித் தீவின் லௌடோக்காவில் பிறந்தார். இந்திய வம்சாவளி. பீஜி என்றால் கரும்பு; மலையகத்துக்குத் தேயிலை எப்படியோ அப்படி. இந்தியக் கூலித் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல் 'லியோனிடாஸ்' அங்கே போய்ச் சேர்ந்ததும் 1879இல்தான், இங்கே காலிமுகத்திடலில் துரைமார் கோல்ஃப் கழகம் தொடங்கிய அதே வருடம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே சாம்ராச்சியத்தின் இரண்டு பக்கங்கள் ஒரே வருடத்தில் பதிவாகியிருப்பதைக் கவனிக்காமல் கடந்து போக எனக்கு மனமில்லை.

அப்பா மோகன் சிங்குக்கு நாடி விமான நிலையத்தில் தொழில்நுட்ப வேலை. கோல்ஃப் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மைதானம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பையன்கள் சுற்றிப் போகாமல் ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து ஓடுவார்கள் என்று சொல்வார்கள். பயிற்சியாளர் என்று ஒருவர் கிடையாது. அமெரிக்க வீரர் டொம் வைஸ்கொஃபின் அடி விஜய்க்குப் பிடித்திருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் அடியை அமைத்துக்கொண்டார். 1982இல் தொழில்சார் வீரரானார். 1984இல் மலேசிய பிஜிஏ சம்பியன்ஷிப்பை வென்றார். அடுத்த வருடம் ஜகார்த்தாவில் எல்லாம் தலைகீழானது.

அதைச் சொல்வதற்கு முன் கோல்ஃபின் புள்ளி அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் இந்தக் கதையின் பாதி புரியாது.

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கத்துவார், நடுவர் விரலைத் தூக்குவார், சந்தேகமென்றால் மூன்றாவது நடுவர் திரையைப் பார்ப்பார். கோல்ஃபில் ஒவ்வொரு வீரருக்கும் பின்னால் ஒரு நடுவர் நடந்துகொண்டிருக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் பரந்த நிலமெங்கும் சிதறி ஆடுகிறார்கள். அதனால் ஒருவருடைய அட்டையை அவரோடு கூட ஆடுகிறவர் எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, 18 குழிகளையும் சரிபார்த்து, எழுதியவரும் ஆடியவரும் கையெழுத்து வைக்க வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவரே வெல்கிற ஆட்டம் இது. அதனால் ஒரு குழிக்கு எடுத்த அடியைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்து வைத்தால் போட்டியிலிருந்தே வெளியே. கூடுதலான எண்ணுக்குக் கையெழுத்து வைத்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். இரக்கமெல்லாம் கிடையாது. கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸில், 1968இன் கடைசி நாளில், ஆர்ஜென்டீனாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோ 17ஆவது குழியை 3 அடியில் முடித்தார். கூட ஆடிய டொமி ஆரன் தவறுதலாக 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்து வைத்தார். தொலைக்காட்சியில் ஆயிரக்கணக்கானோர் அந்த 3ஐப் பார்த்திருந்தும் பயனில்லை. சமநிலையில் முடிந்து மேலதிக ஆட்டத்துக்குப் போயிருக்க வேண்டியவர் ஓர் அடியால் தோற்றார்.

இப்படிக் கையெழுத்தை நம்பியே நிற்கும் விளையாட்டில் ஒருவர்மேல் வரக்கூடிய மிக மோசமான குற்றச்சாட்டு, அட்டையில் கை வைத்தார் என்பதுதான். 1985 இந்தோனேசிய ஓப்பனில் விஜய் சிங்மேல் அதுதான் வந்தது. பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு நாள் எல்லோரும் ஆடுவார்கள். அதன்பின் ஏறத்தாழப் பாதிப்பேர் வெட்டப்படுவார்கள், அவர்களுக்கு ஒரு சதமும் கிடையாது. அந்த வெட்டில் தப்புவதற்காக ஓர் அடியைக் குறைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆசியத் தொடரில் ஆட அவருக்குத் தடை விழுந்தது. விஜய் அன்றிலிருந்து இன்றுவரை அதை மறுத்தே வருகிறார். அட்டையை எழுதியவர் அங்கே செல்வாக்குள்ள ஒருவரின் மகன், நடந்தது ஒரு தவறான புரிதல், அதுவும் பெரிய தண்டனைக்குரியதல்ல என்பது அவருடைய பக்கம். அந்த மேசையில் என்ன நடந்தது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் தண்டனை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லலாம்: 22 வயது, அதே வருடம் கல்யாணம், வேறு தொழில் தெரியாது, தெரிந்த ஒரே சந்தையின் கதவும் சாத்தப்பட்டாயிற்று.

போர்னியோவில் வேலை கிடைத்தது. மலேசியாவின் சபா மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கும் கெனிங்காவ், மரத்தொழில் நடந்த ஊர். அங்கிருந்த கோல்ஃப் கழகத்தில் அங்கத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சொற்பச் சம்பளம். வருகிறவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது, மிச்ச நேரமெல்லாம் தனக்காகப் பந்தடிப்பது. மத்திய கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்றால் வெயில் எப்படி என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை மாதத்து மதியம் ஒரு மணிக்கு வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்று பார்த்தால் போதும். அந்த வெயிலில், பார்க்க ஆளில்லாத திடலில், நாள் முழுக்க.

அவர் பயிற்சி செய்யும் விதம் பின்னாளில் அமெரிக்காவில் பேர் போனது. இடது கக்கத்தில் கையுறையை இடுக்கிக்கொண்டு அடிப்பார். மட்டை பின்னால் போய் முன்னால் வரும்வரை கையுறை விழக்கூடாது. விழுந்தால் கை உடம்பை விட்டுத் தனியாகப் போய்விட்டது என்று அர்த்தம், பந்தும் கோணலாகத்தான் போகும். குறி பிசகாமல் இருக்கத் தரையில் கோல்களைக் கிடத்திவைத்து, ஒரே அடியை மறுபடி மறுபடி அடிப்பார். போட்டி முடிந்து மற்றவர்கள் குளித்துச் சாப்பிடப் போன பிறகும், இருட்டி வரும்வரை திடலில் நிற்கிற கடைசி ஆள் அவராகத்தான் இருப்பார். இதைப் பார்த்து வியந்து எழுதியவர்கள் ஏராளம். எனக்கு அதில் வியப்பைவிடப் பழக்கம்தான் தெரிகிறது. கெனிங்காவில் அவருக்குச் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை. அங்கே படிந்ததை அவர் கடைசிவரை விடவில்லை.

நம் வீரர்களோடு பொருத்திப் பார்க்கும்போது இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வேலை விஜய்க்குச் சம்பளத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்தது: வாடகையில்லாத திடலும் கணக்கில்லாத பந்துகளும். இலங்கையில் 18 குழி மைதானங்கள் மிகச் சிலதான்: கொழும்பு, நுவரெலியா, கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா, அம்பாந்தோட்டை என்று. கெடியாக இருப்பவருக்கு அங்கத்தவர்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சுகிற வெளிச்சம்தான் பயிற்சி நேரம். தேறி வந்து இந்தியத் தொடரில் ஆடப் போனால் விமானச் சீட்டு, நுழைவுக் கட்டணம், அறை வாடகை எல்லாம் சொந்தக் கையிலிருந்து. வெட்டில் விழுந்தால் வரவு பூச்சியம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டுக் காசில் செலவழித்து ஆடுகிறவனுக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. தோற்றுக்கொண்டே இன்னும் இரண்டு வருடம் ஆட வசதி வேண்டும்.

விஜய்க்கும் அந்த வசதி லேசில் வரவில்லை. ஐரோப்பியத் தொடரின் தகுதிச் சுற்றில் முதலில் தோற்றார். எடின்பரோவில் ஓர் இரவு விடுதியின் வாசலில் காவலாளாக நின்றார். ஆறடி இரண்டங்குல ஆள் என்பதால் அந்த வேலை பொருந்தியிருக்கும். ஆபிரிக்காவில் சிறு போட்டிகளில் ஆடி, 1988இல் நைஜீரிய ஓப்பனை வென்றார். அதே வருடம் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. 1989இல் இத்தாலியில் முதல் ஐரோப்பிய வெற்றி. 1993இல் அமெரிக்காவில் பியுக் கிளாசிக்கை வென்று அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் என்று பெயரெடுத்தபோது வயது 30. கோல்ஃபில் கொடிகட்டிப் பறந்தவர்களில் பலர் அந்த வயதுக்குள் இரண்டு மூன்று பெரிய கிண்ணங்களை வீட்டில் வைத்திருப்பார்கள்.

இவருக்கு அது 35 வயதில்தான் வந்தது: 1998இல் சஹாலி மைதானத்தில், நான்கு பெரிய போட்டிகளில் இன்னொன்றான பிஜிஏ சம்பியன்ஷிப். அதன்பின் 2000 ஏப்ரலில் மாஸ்டர்ஸ். அந்த வாரம் அவருடைய பையில் ஒரு துண்டுக் காகிதம் குத்தப்பட்டிருந்தது. மகன் காஸ் எழுதியது. அப்பா, உங்கள் அடியை நம்புங்கள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தான். தென்னாபிரிக்காவின் எர்னி எல்ஸை 3 அடியால் முந்தி, மாஸ்டர்ஸ் வென்றவருக்குத் தரும் பச்சை அங்கியை விஜய் போட்டுக்கொண்டார். அந்த வருடம் மீதமிருந்த மூன்று பெரிய போட்டிகளையும், அடுத்த வருட மாஸ்டர்ஸையும் வரிசையாக வென்றவர் டைகர் வூட்ஸ். யாருமே செய்திராத ஒன்று, ஒரே நாட்காட்டி வருடத்தில் நான்கையும் எடுப்பது, டைகருக்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு வாரத்தால். விஜயின் மூன்று பெரிய வெற்றிகளில் எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது.

அதே வருடக் கடைசியில், அமெரிக்க அணியும் ஐரோப்பா தவிர்ந்த உலக அணியும் மோதும் பிரெசிடென்ட்ஸ் கிண்ணத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். விஜயின் கெடி போல் டெசோரி "டைகரா, யார் அது?" என்று எழுதிய தொப்பியோடு வந்தார். டைகர் சிரிக்கவில்லை, ஆட்டத்தை வென்றுவிட்டுப் போனார். விஜய்க்கும் டைகருக்கும் ஆகாது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

சரி, நாற்பதுக்குப் பிறகு என்ன நடந்தது? அதுதான் இந்த வாழ்க்கையில் விளக்கம் கேட்கிற பகுதி. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்சார் தொடரான பிஜிஏ டூரில் விஜய் மொத்தம் 34 தடவை வென்றார். அதில் 22 வெற்றி 40 வயதான பிறகு வந்தவை. அதற்கு முன் அந்தச் சாதனை பழைய அமெரிக்க வீரர் சாம் ஸ்னீடிடம் 17 என்று இருந்தது. உடம்பின் வேகம் கோல்ஃபில் மெதுவாகத்தான் குறையும். உடற்பயிற்சியால் அதை இழுத்துப் பிடிக்கலாம், விஜயும் பிடித்தார். சீக்கிரம் போவது குழிக்குப் பக்கத்தில் கையின் நிதானம். விஜய்க்கு அது எப்போதுமே பலவீனம்தான். தூரத்து அடியில் அவரை மிஞ்ச ஆளில்லை, பத்தடிக்குள் வந்தால் தடுமாறுவார். பட்டர் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை. வயிற்றில் ஊன்றி ஆடும் நீள பட்டரை எடுத்து, சில வருடம் ஆடி, 2004 ஓகஸ்டில் அதைப் போட்டுவிட்டுச் சாதாரண பட்டருக்குத் திரும்பினார். திரும்பிய வாரத்திலேயே விஸ்லிங் ஸ்ட்ரெயிட்ஸ் மைதானத்தில் பிஜிஏ சம்பியன்ஷிப்பை வென்றார்.

வென்ற விதம்தான் வேடிக்கை. கடைசி நாளில் அவர் எடுத்தது 76, அதாவது மைதானத்துக்கென்று வகுத்த நியம அடிக்கணக்கைவிட 4 அடி கூட. 18 குழியிலும் ஒரு பேர்டி கிடையாது; பேர்டி என்றால் ஒரு குழியை அதன் நியமத்தைவிட ஓர் அடி குறைவாக முடிப்பது. மற்றவர்களும் சறுக்க, ஜஸ்டின் லெனார்ட், கிறிஸ் டிமார்கோ ஆகியோரோடு மூவரும் சமநிலையில் நின்றார்கள். மூன்று குழி மேலதிக ஆட்டத்தின் முதல் குழியில்தான் அன்றைய நாளின் முதல் பேர்டியை அடித்தார். அதுவே போதுமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, 2004 செப்டெம்பர் 6, பொஸ்டன் பக்கத்தில் டொய்ச்சே வங்கி சம்பியன்ஷிப். கடைசி நாள் டைகரும் கூடவே ஆடினார். விஜய் 3 அடியால் வென்றார். டைகர் தொடர்ந்து 264 வாரம் வைத்திருந்த உலக முதலிடம் கைமாறியது. இந்தத் தரவரிசை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். இரண்டு வருடத்தில் ஆடிய போட்டிகளில் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். பழைய புள்ளிகளின் பெறுமதி நாளாக ஆகக் குறையும். அந்தக் காலத்தில் டைகர் வருடத்துக்கு 20 போட்டி அளவில், பொறுக்கி எடுத்து ஆடினார். விஜய் 30க்குக் கிட்டப் போனார். கிடைத்த போட்டியிலெல்லாம் ஆடுகிறவனின் சராசரி விழுவதுதான் வழக்கம். இவர் அந்த வருடம் 29 போட்டிகளில் ஆடி 9ஐ வென்றார். பரிசுப்பணம் 1 கோடி டொலரைத் தாண்டியது. ஒரே பருவத்தில் அந்தக் கோட்டைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். வயது 41.

இவ்வளவும் செய்த ஒருவரை அமெரிக்கக் கூட்டம் தூக்கிவைத்து ஆடியதா? இல்லை. அடுத்த வருடம், 2005இல், உலக கோல்ஃப் புகழ் மண்டபத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது அவருக்குக் கிடைத்தது 56 வீதம், வேண்டியது 65. அந்த வருடம் யாருமே 65ஐத் தொடாததால், 50க்கு மேல் எடுத்தவர்களில் முதலாமவர் என்ற விதியில் உள்ளே போனார். ஜகார்த்தா அட்டையை யாரும் மறந்திருக்கவில்லை. செய்தியாளர்கள் அதைக் கேட்கக் கேட்க அவர் வாயை மூடிக்கொண்டார், மூட மூட அவர்கள் இன்னும் கேட்டார்கள். போதாததற்கு 2003இல் பெண்கள் கோல்ஃபின் நட்சத்திரமான அனிக்கா சோரன்ஸ்டாம் ஆண்கள் போட்டியொன்றில் ஆட வந்தபோது, அவர் வெட்டில் விழ வேண்டும் என்று விஜய் வாய்விட்டார். பிறகு அந்தப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். தான் ஒரு இடத்துக்காகக் கண்டமெல்லாம் அலைந்ததை வைத்து அந்தக் கோபத்தை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் நியாயப்படுத்த முடியாது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், கதவருகே வந்த இன்னொருவரைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது.

2013இல் வேறொரு தலைவலி. மான் கொம்பிலிருந்து எடுத்த ஒரு தெளிமருந்தைப் பாவித்ததாக அவரே ஒரு சஞ்சிகைக்குச் சொல்ல, பிஜிஏ டூர் 90 நாள் தடை விதித்தது. பிறகு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அந்தத் தெளிமருந்து தடைசெய்யப்பட்டதல்ல என்று சொன்னதும் வழக்கைக் கைவிட்டது. விஜய் விடவில்லை. தன் பெயரைக் கெடுத்ததாகத் தான் ஆடும் தொடரின் மேலேயே வழக்குப் போட்டார். ஒருமுறை பெயர் கெட்டு எல்லாவற்றையும் இழந்தவர் இரண்டாம் முறை சும்மா இருப்பார் என்று எதிர்பார்த்திருக்கக்கூடாது. வழக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2018 நவம்பரில் சமாதானத்தில் முடிந்தது.

இடையில் 2008இல், பிஜிஏ டூரின் பருவ முடிவில் புள்ளிகளை வைத்துத் தரும் பெடெக்ஸ் கிண்ணத்தையும் எடுத்தார். இறுதிச் சுற்றுகளின் முதல் இரண்டையும் வென்று எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விட்டதால், கடைசிப் போட்டியில் நான்கு நாளும் ஆடி முடித்தாலே 1 கோடி டொலர் என்ற நிலை வந்தது. பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன சுவாரசியம் இருக்கும்? அமைப்பாளர்கள் அடுத்த வருடம் புள்ளி முறையையே மாற்றிவிட்டார்கள்.

வழக்கு முடிந்த அதே 2018 நவம்பரில், 50 வயதுக்கு மேற்பட்டோருக்கான தொடரின் கடைசிப் போட்டி ஃபீனிக்ஸில் நடந்தது. விஜய்க்கு 55 வயது. இறுதி நாளில் 61 அடித்து 4 அடியால் வென்றார். மாஸ்டர்ஸை ஒருமுறை வென்றவருக்கு அந்தப் போட்டியில் ஆயுள் அழைப்பு உண்டு. பெரும்பாலான பழைய சம்பியன்கள் இரண்டு நாள் கையசைத்து ஆடிவிட்டு வெட்டில் விழுந்து வீடு திரும்புவார்கள். 2024இல் 61 வயது விஜய் சிங் வெட்டைத் தாண்டி நான்கு நாளும் ஆடினார்.